கிருஷ்ணதேவராயர் பார்க்காத டாப் லெவல்

நம்மூரு ராஜகோபுரத்தை தினமும் பார்க்கிறீங்க. அதைத் தொடங்கினவர் அதை முழுசா பார்க்கலைன்னு தெரியுமா?

கிருஷ்ணதேவராயர் 1509-ல் விஜயநகர அரியணை ஏறினார். கஜபதியோட போர், 1520-ல் ராய்ச்சூர் போர், நடுவில் தெலுங்கில் ஆமுக்தமால்யதா காவியம். அண்ணாமலையார் கோயிலுக்கு ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் கொடுத்தார். கிழக்குக் கோபுரத்தையும் தொடங்கினார்: கீழே கருங்கல், மேலே செங்கலும் சுதையும், 11 நிலை, 217 அடி. பட்டம் கட்டிய சின்ன மகன் இறந்தான். 1529-ல் அவரும் மறைந்தார். கோபுரத்தை முடித்தவர் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர்.

அவர் செதுக்க வைத்த கல் தூணை இனி ஒரு அங்குலம்கூட நீட்ட முடியாது. நம்ம ரெவிட் தூண் அப்படியில்லை. ஆனா உயரத்தை வெறும் எண்ணா போட்டா, மாடி உயர்ந்ததும் தூண் பாதியிலேயே நின்னுடும். காலம் ஃபேமிலியில் தூணின் அடியைக் கீழ் லெவலோடும், தலையை மேல் லெவலோடும் அலைன் செய்து லாக் பண்ணுங்க. பிறகு ப்ராஜெக்ட்டில் லெவலை நகர்த்தினா தூணும் கூடவே நீளும், குறையும்.

ராயர் வைத்தது பேஸ் லெவல். டாப் லெவலைத் தொட்டது வேறொரு கை. உங்க ஃபைலும் நாளைக்கு ஒரு ஜூனியர் கைக்குத்தான் போகும். அவங்க உயர்த்துற மாதிரி வெச்சிட்டுப் போங்க.