பீர் ஆலையில் பிறந்த டி-டெஸ்ட்

'ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்' என்றதும், மாணவர்கள் போடும் கணக்கு போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. ஆனால் ஸ்டூடண்ட் என்பது ஒரு மனிதரின் புனைபெயர். நம்மில் பலரைப் போல ஆலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

வில்லியம் சீலி காசெட் 1876-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்து, 1899-ல் டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வந்த சிக்கல் இதுதான். பழைய பார்லியையும் புதிய ரகத்தையும் நாலு வயல்களில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். புதியது சராசரியாகக் கொஞ்சம் கூட விளைகிறது. அது ரகத்தின் குணமா, தற்செயலா? தப்பாக முடிவெடுத்தால் ஆலைக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம். அன்றைய சூத்திரங்களோ ஏராளமான அளவீடுகள் இருந்தால்தான் சரிப்பட்டு வரும்.

1906-ல் லண்டன் போய் கார்ல் பியர்சனிடம் பயின்றார். தன் கணக்கு சரிதானா என்று பார்க்க, 3,000 கைதிகளின் உயரத்தையும் நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நாலு நாலாக 750 சாம்பிள்கள் எடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து சிமுலேஷன்! 1908-ல் கட்டுரை வெளிவந்தது. ஊழியர்கள் தங்கள் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடண்ட்' ஆனார்.

விஷயம் எளிது. முதலில், இரண்டு ரகத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர 5 சதவீத வாய்ப்புகூட இல்லையென்றால், அந்தக் கருதுகோளைக் கைவிடுகிறோம். அளவீடுகள் ஏராளமாக இருந்தால், வித்தியாசம் அதன் திட்டப் பிழையைப் போல 1.96 மடங்கைத் தாண்டினால் போதும். நாலே ஜோடி என்றால் 3.18 மடங்கு வேண்டும். சாட்சி குறைந்தால், நம்புவதற்குமுன் கூடுதலாகத் தயங்க வேண்டும். எத்தனை தயங்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் காசெட்.

ரொனால்ட் ஃபிஷர் இதற்கு முறையான நிரூபணம் தந்து, 1925-ல் வந்த தன் புத்தகத்தின் மூலம் உலகெங்கும் பரப்பினார். காசெட்டோ 1937-ல் இறக்கும்வரை கின்னஸிலேயே இருந்தார். வித்தியாசம் நிஜம் என்று தெரிந்தால் மட்டும் அவருக்குப் போதாது. அதனால் என்ன லாபம், தவறினால் என்ன நஷ்டம் என்றும் பார்ப்பார்.

என் வேலையில் ஒரு பாகத்தின் வலிமையை அறிய அதை உடைத்தே ஆகணும். நூறு உடைக்க யார் விடுவார்கள்? நாலைந்துதான் கிடைக்கும். தம்பி, தங்கைகளே, டி அட்டவணையைத் திறக்கும்போது இந்த மனிதரை ஒரு நிமிஷம் நினையுங்கள். தற்செயலா, இல்லையா என்பதை அட்டவணை சொல்லும். அந்த வித்தியாசம் நமக்குப் பிரயோஜனமா என்பதை நாம்தான் சொல்லணும்.