பங்கு கேட்ட பாட்டாளி

கூலி உயரவேண்டும் என்று கேட்டவர் பலர். வேலை நேரம் குறையவேண்டும் என்று கேட்டவரும் பலர். ஆலை தரும் இலாபத்திலே உழைப்பவனுக்கும் உரிமைப் பங்கு உண்டு என்று கேட்டு, அந்தக் கேள்வியை முதுமை வரை முழக்கிவந்த ஒருவர் இங்கிலாந்திலே இருந்தார். முதலாளிகளைப் பார்த்துக் கேட்டார், அதிலே வியப்பில்லை. தொழிலாளரே அமைத்துக்கொண்ட சங்கங்களைப் பார்த்தும் கேட்டார், அதுதான் வியப்பு! ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்பது அவர் பெயர். அந்த வாழ்வை இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1817 ஆம் ஆண்டு, பர்மிங்காம் நகரிலே பிறந்தார். தந்தை வார்ப்படச் சாலைத் தொழிலாளி. தாய் வீட்டிலேயே கொம்புப் பொத்தான் செய்து விற்றவர். பள்ளியிலே ஓடியாட வேண்டிய வயதிலே, தந்தையுடன் பட்டறைக்குப் போனான் சிறுவன். காய்ந்த இரும்பும் கரும்புகையுமே அவனுடைய பாலபாடம்!

வீட்டிலே குழந்தை நோயாய்க் கிடந்தது. கையிலிருந்த காசு மருந்துக்கும் உணவுக்குமே போதவில்லை. மாதா கோயிலுக்குச் செலுத்தவேண்டிய சிறு வரி பாக்கி நின்றது. அழைப்பாணை வந்தது, அபராதமும் சேர்ந்து வந்தது. பதறிய தாய் பணத்தைத் திரட்டிக்கொண்டு ஓடினாள், காத்துக்கிடந்தாள், கட்டிவிட்டுத் திரும்பினாள். வீட்டிலே குழந்தையின் உயிர் பிரிந்திருந்தது! அந்தக் குழந்தையின் அண்ணன் பின்னாளில் கோயிலின் செலவைக் கணக்குக் கேட்டான் என்றால், அதைக் குற்றம் என்பார் யார்?

குற்றம் என்றார்கள்! பட்டறை வேலை முடிந்தபின் தொழிலாளர் கல்விக் கழகத்திலே கணக்கும் அறிவியலும் கற்ற ஹோலியோக், ராபர்ட் ஓவனின் கூட்டுவாழ்வுக் கொள்கையிலே ஈடுபட்டு, ஊர் ஊராகச் சென்று பேசும் பணியை ஏற்றார். 1842 இல், செல்ட்டனாம் நகரிலே பேசினார். நீங்கள் அமைக்கப்போகும் கூட்டுக் குடியிருப்பிலே கோயில் உண்டா என்று ஒருவர் கேட்டார். மக்கள் வறுமையிலே வாடுகிறார்கள், ஆண்டவனை வைத்துக் காக்க அவர்களுக்கு வசதி இல்லை, நாட்டின் கஷ்டம் தீரும் வரை ஆண்டவனுக்கும் பாதிச் சம்பளம் கொடுத்தால் போதும் என்ற கருத்திலே விடை தந்தார். வழக்குத் தொடுத்தார்கள். வழக்கறிஞரை வைக்கவில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாமே வாதாடினார். கிடைத்தது ஆறு மாதச் சிறை. உள்ளே இருந்தபோதே வெளியே அவருடைய சின்னஞ்சிறு மகள் மறைந்தாள். தாய்க்கு நேர்ந்தது மகனுக்கும் நேர்ந்தது!

சிறை மீண்டவர் ஒடுங்கிவிடவில்லை. ஏடு நடத்தினார். ஏழை படிக்கும் ஏட்டுக்கு முத்திரை வரி போட்டிருந்தது சர்க்கார். முத்திரை இல்லாமலே வெளியிட்டார். வழக்கும் வந்தது, அபராதமும் மலையாய்ச் சேர்ந்தது, ஆனால் 1855 இல் அந்த வரியே ஒழிந்தது! இவ்வுலக வாழ்வை இவ்வுலக அறிவு கொண்டே சீர்படுத்தலாம் என்ற நெறிக்கு, 1851 இல், ஆங்கிலத்திலே பெயர் சூட்டியவரும் அவரே.

இனி ராச்டேல். நெசவாளர் நிறைந்த ஊர். கூலி குறைவு, கடன் மிகுதி. கடைக்காரன் தந்த மாவிலே கலப்படம், எடையிலே ஏமாற்று. 28 பேர் கூடினர். வாரந்தோறும் பென்னி பென்னியாகச் சேர்த்து 28 பவுன் திரட்டினர். 1844 டிசம்பர் 21 ஆம் நாள் டோட் லேன் என்ற தெருவிலே கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்று அற்பச் சரக்குதான். ஊரார் நகைத்தனர். கடனுக்கு இல்லை, கலப்படம் இல்லை, எடை குறைவதில்லை, ஆளுக்கு ஒரே ஓட்டு, மிஞ்சியது வாங்கியவருக்கே என்பது ஏற்பாடு. 1860 இல் உறுப்பினர் 3,450 பேர்! நகைத்தவர் நாணினர்.

அந்தக் கதையை 1858 இல் நூலாக்கினார் ஹோலியோக். பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. அதைப் படித்து ஊர்தோறும் கடை திறந்தனர் தொழிலாளர். நம் சென்னையிலே, திருவல்லிக்கேணியிலே 1904 இல் தோன்றிய கூட்டுறவுச் சங்கமும் அந்த ராச்டேல் மரத்தின் கிளைதான்.

பாராட்டுப் பாடி நிறுத்தியிருந்தால் அவருக்குத் தொல்லையில்லை. ஆனால் நடந்தது என்ன? ராச்டேல் தோழர்கள் 1854 இல் கூட்டுறவு ஆலை ஒன்றைத் துவக்கினர். பங்குப் பணம் போட்டவருக்கும் இலாபம், தறியிலே நின்றவருக்கும் இலாபம் என்பது முறை. ஆலை செழித்தது. செழித்ததைக் கண்டு புதியவர்கள் பங்கு வாங்கிக்கொண்டு நுழைந்தனர். பணம் போட்டது நாங்கள், உழைப்பவனுக்குக் கூலிதான் கொடுத்தாகிறதே, பங்கு எதற்கு என்றனர். ஓட்டெடுத்தனர். 1862 இல் உழைப்பவனின் பங்கு பறிபோனது! பறித்தவர்கள் பரம்பரைப் பிரபுக்களா? பங்கு வாங்க முடிந்த பாட்டாளிகளும் அதிலே இருந்தனர்! பின்னர் மான்செஸ்டரின் பெரிய மொத்த விற்பனைச் சங்கமும், தன் தொழிற்சாலைகளிலே அந்தப் பங்கைக் கைவிட்டது.

மறுபக்கத்து வாதத்தையும் சொல்லவேண்டும். கடையிலே வாங்கும் தொழிலாளர் பல்லாயிரம், ஆலையிலே உழைப்பவர் சில நூறு, பலருக்குச் சேரவேண்டியதைச் சிலருக்கு ஏன் தருவது என்றனர். எளிதிலே தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆயினும் ஹோலியோக் இணங்கவில்லை. வாங்குபவனுக்கு மட்டும் பங்கு, செய்பவனுக்குக் கூலி மட்டும் என்றால், முதலாளி போய் முதலாளிகள் வந்தார்கள் என்பதல்லாமல் வேறென்ன என்பது அவர் நோக்கு. நண்பர்களோடு பிணங்கினார், இயக்கத்தை விட்டு விலகவில்லை. 1887 இல் கார்லைல் நகரிலே கூட்டுறவு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே!

1906 ஜனவரி 22 ஆம் நாள், பிரைட்டன் நகரிலே, 88 ஆம் வயதிலே மறைந்தார். 1911 இல், மான்செஸ்டரிலே கூட்டுறவு ஒன்றியத்தின் தலைமை இல்லத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். பெயரைத் தந்துவிட்டனர். கேட்ட பங்கு?

கூட்டுறவுப் பண்டகசாலையின் படியேறும்போது, சரக்கின் விலையைக் கேட்கிறோம், எடையைப் பார்க்கிறோம், ஆண்டு முடிவிலே ஈவுத்தொகை எவ்வளவு என்று விசாரிக்கிறோம். நல்லதுதான். மூட்டை தூக்கி வியர்த்து நிற்கிறானே ஒருவன், அவனுக்கு என்ன கிடைக்கிறது என்றும் ஒருமுறை கேட்போம். ஹோலியோக்குக்கு நாம் எழுப்பவேண்டிய நினைவுச் சின்னம் அந்தக் கேள்விதான்.