பெற்ற பிள்ளையைப் பிரிந்த மருத்துவர்: மரியா மாண்டிசோரியும் நம் ஆயாக் கொட்டகையும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை என்றால் விளக்கம் தேவையில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போகும் அம்மா, தூக்கம் கலையாத பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். அவர் திரும்பி வரும்வரை பிள்ளை அழாமலும் விழாமலும் இருந்தால் போதும். ஒரே ஆயா, ஏகப்பட்ட பிள்ளைகள். அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது.

இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் தாஸ்காவில் வளர்கிறார்கள். ஜோர்ஜ்டவுன் பக்கம் பாலர் பள்ளி, பராமரிப்பு மையப் பலகைகளில் மாண்டிசோரி என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு பெண்ணின் பெயர். அவர் தம் முதுமையின் சில ஆண்டுகளைத் தமிழ்நாட்டில்தான் கழித்தார்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலைதான் தேவை என்பதைக் கண்டுகொண்டார்.

1898-இல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ. தந்தை உடன் பணியாற்றிய மருத்துவர், திருமணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்திருந்தால் அந்தக் காலத்தில் அவருடைய தொழிலும் பெயரும் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். அவ்வப்போது போய்ப் பார்த்தார், தாய் என்று சொல்லிக்கொள்ளாமல். தம் அம்மா 1912-இல் இறந்த பிறகுதான், ஏறக்குறைய 15 வயதுப் பையனாக மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகும் நெடுங்காலம் ஊருக்கு அவர் தத்துப்பிள்ளை அல்லது உறவுக்காரப் பையன். இதைச் சொல்லாமல் இந்த அம்மையாரின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

ரோமின் சான் லொரென்சோ, ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் அடுக்ககத்தின் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களை நாசமாக்கினர். செலவு ஏறியதைக் கண்ட கட்டட நிறுவனம், பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. மாண்டிசோரி ஒப்புக்கொண்டார். 1907 ஜனவரி 6-ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறந்தது. சுவரைக் காப்பாற்றத் தொடங்கிய ஆயாக் கொட்டகைதான் அது.

பிள்ளைகள் தாங்களே தூக்கி நகர்த்தக்கூடிய சிறிய மேசை நாற்காலிகளைச் செய்ய வைத்தார். ஒருநாள் ஆசிரியை தாமதமாக வந்தார். பூட்ட மறந்திருந்த அலமாரியைத் திறந்து, பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்து அமைதியாக வேலையில் மூழ்கியிருந்தனர். திருடினார்கள் என்று ஆசிரியை நினைத்தார். மாண்டிசோரியோ, அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். பிறகு தாழ்வான, திறந்த அலமாரிகள் வந்தன.

இன்னொரு நாள், சத்தமில்லாமல் மூக்கைச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையை வைத்துக் காட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினர். மூக்கு ஒழுகுகிறது என்று திட்டியவர்கள் பலர். எப்படித் துடைப்பது என்று அதுவரை யாரும் பொறுமையாகக் காட்டியதில்லை. ஒருமுறை முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோய், அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று காட்டினார். வகுப்பே மூச்சடக்கி நின்றது. அதிலிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற மௌனப் பயிற்சி பிறந்தது.

அவர் தவறே செய்யாதவரும் அல்லர். 1920-களில் முசோலினியின் ஆதரவை ஏற்றார். 1934-இல் அந்த உறவு முறிந்தது; இத்தாலியை விட்டு வெளியேறினார்.

1939 நவம்பரில், 69 வயதில், மாரியோவோடு சென்னை வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும். அடையாற்றில் ஓலைக் கொட்டகையில் நடந்த முதல் பயிற்சிக்கு சுமார் 300 பேர் வந்தனர். அவர் இத்தாலியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதப் பயணம் என்றுதான் வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது; அவரை அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேற விடவில்லை. ஆகஸ்ட் 31, அவருடைய 70-ஆவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பித் தருவதாக அதில் இருந்தது. 42 ஆண்டுகள் அவர் வெளியே சொல்லத் தயங்கிய உறவை ஓர் அரசுத் தந்தி போகிறபோக்கில் சொல்லிவிட்டது.

கோடையின் வெப்பம் தாங்காமல் கொடைக்கானல் போனவர், அங்கே பல வயதுப் பிள்ளைகளோடு பள்ளி நடத்தினார். நம் தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தைக்கும் வேலைக்கும் போவதை உற்றுக் கவனித்தார். எங்கும் கூடவே போகும் குழந்தை அதிகம் அழுவதில்லை; சுற்றியுள்ள பேச்சையும் நடப்பையும் அப்படியே உள்வாங்குகிறது. பிறந்தது முதல் மூன்று வயதுவரையிலான காலமே அடித்தளம் என்ற முடிவுக்கு இந்தியாவில்தான் உறுதியாக வந்தார். அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-இல் அடையாற்றிலிருந்து புத்தகமாக வெளிவந்தன.

நம் நாட்டில் தாஸ்காக்களுக்கென்று தனிச் சட்டம் 1984-இல் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர் என்பது விதி. பெற்றோர் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மாண்டிசோரி என்ற பெயரைப் பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அலமாரி திறந்திருக்கிறதா, நாற்காலியைப் பிள்ளையே தூக்க முடிகிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

1952 மே 6-ஆம் நாள், நெதர்லாந்தின் நூர்ட்விக் கடலோர ஊரில், மாரியோ அருகிருக்க அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். உயிலில் மாரியோவை மகன் என்றே எழுதியிருந்தார்.