ஹென்றி ஃபோர்டும் வராத வண்டியும்

போன செமஸ்டரில் எங்கள் மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் வகுப்பில் செமினார் வைத்தார்கள். எனக்கு விழுந்த சீட்டில் மின்சார வாகனங்கள் என்று எழுதியிருந்தது. மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் என்று நாலு படம் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். படிக்கப்போன இடத்தில் ஒரு சங்கதி இடித்தது. அமெரிக்காவில் பிக்கப் டிரக் என்றால் ஜனங்களுக்கு உயிர். முன்னால் கார் மாதிரி கேபின், பின்னால் திறந்த தொட்டி. அப்படிப்பட்ட வண்டியை மின்சாரத்தில் தருகிறோம் என்று பழைய பெரிய கம்பெனிகள் சொன்னபோது, வாங்க வேண்டியவர்களில் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். முன்பணம் கட்டியவர்களிலும் பலர் பிறகு நழுவிவிட்டார்கள். ஏன் இந்தச் சந்தேகம் என்று தோண்டிக்கொண்டே போனேன் நண்பர்களே, கடைசியில் 1914-ஆம் ஆண்டில் போய் நின்றேன். அங்கே இருந்தவர் ஹென்றி ஃபோர்டு.

அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அசெம்பிளி லைன், டி மாடல் கார், அவ்வளவுதானே. மின்சாரக் காருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை.

1863 ஜூலை 30-ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்பா வில்லியம் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். பையனுக்கு ஏரிலும் மாட்டிலும் மனசு ஒட்டவேயில்லை. சட்டைப்பை கடிகாரங்களைப் பிரித்துப்போட்டு மறுபடி மாட்டுவதுதான் வேலை. 1876-ல் அம்மாவை இழந்தார். அதே ஆண்டில்தான் குதிரை இல்லாமல் தானாகவே சாலையில் ஊர்ந்து வந்த நீராவி எஞ்சின் ஒன்றைப் பார்த்தார். 1879-ல் வீட்டை விட்டு டெட்ராய்ட் நகரத்துக்குப் போய் ஒர்க்ஷாப்பில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தார். நம்மைப் போல டிப்ளமோகூட அவர் கையில் கிடையாது.

1891-ல் அவருக்குக் கிடைத்த வேலைதான் வேடிக்கை. டெட்ராய்ட்டில் இருந்த எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் எஞ்சினியர். இரண்டே வருஷத்தில் தலைமை எஞ்சினியர் ஆகிவிட்டார். பகலெல்லாம் மின்சாரத்தைக் கட்டி மேய்க்கிற மனுஷன், ராத்திரி வீட்டுக்கு வந்து பெட்ரோல் எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுதார்! 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, சமையலறைத் தொட்டியில் தன் முதல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார். மனைவி கிளாரா கையாலேயே பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பொறி எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டு விளக்குக்கு வந்த மின்சாரத்திலிருந்து! 1896 ஜூன் 4-ஆம் தேதி விடியற்காலை நாலு சக்கர வண்டி தயார். வெளியே கொண்டுவரப் பார்த்தால் கதவு சின்னது. கோடரியால் செங்கல் சுவரை இடித்துத்தான் வண்டி தெருவுக்கு வந்தது. அளவெடுக்காமல் ஜாப் செய்கிற வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை என்று அப்போது ஒரு ஆறுதல் எனக்கு.

அந்த ஆகஸ்டில் எடிசனையே ஒரு விருந்தில் சந்தித்தார். மின்சார மேதை தன்னைத் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. மின்சார வண்டி மின்நிலையத்தை விட்டுத் தூரம் போகமுடியாது, பேட்டரி ரொம்பக் கனம், உன் பெட்ரோல் வண்டியையே தொடர்ந்து செய் என்று எடிசனே தட்டிக்கொடுத்தார். அன்று முதல் சாகும்வரை ஃபோர்டுக்கு எடிசன்தான் தெய்வம்.

அந்தக் காலத்தில் பெட்ரோல்தான் ஜெயிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 1900-ல் அமெரிக்காவில் தயாரான மோட்டார் வாகனங்களில் நீராவி வண்டி 1,681, மின்சார வண்டி 1,575, பெட்ரோல் வண்டி வெறும் 936! ஃபோர்டின் முதல் கம்பெனி செய்த முதல் வண்டி, நம்புங்கள், ஒரு சரக்கு வண்டி. சரியாக ஓடவில்லை. ஏறக்குறைய 20 வண்டியோடு 1901-ல் கடையை மூடினார்கள். இரண்டாவது கம்பெனியில் பங்குதாரர்களோடு ஒத்துப்போகவில்லை, 1902-ல் வெளியே வந்துவிட்டார். 1903 ஜூன் 16-ல் தொடங்கிய மூன்றாவதுதான் இன்றைய ஃபோர்டு மோட்டார் கம்பெனி.

1908-ல் டி மாடல் வந்தது, விலை 850 டாலர். 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் போட்டார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை 93 நிமிஷத்துக்கு வந்துவிட்டது. 1914 ஜனவரியில் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். இதெல்லாம் புரொடக்ஷன் பாடத்தில் வருவதுதான், எனவே ஓடிவிடுகிறேன்.

நான் நின்றுபோன இடம் அதே 1914. அந்த ஒரே வருஷத்தில் ஃபோர்டு ஜனங்களுக்கு இரண்டு வாக்குக் கொடுத்தார்.

ஒன்று: அடுத்த 12 மாதத்தில் 3 லட்சம் காருக்கு மேல் விற்றால், வாங்கிய ஒவ்வொருவருக்கும் பணம் திருப்பித் தரப்படும். விற்றது 3 லட்சத்து 8 ஆயிரத்துக்கு மேல். சும்மா சொல்லக்கூடாது, ஆளுக்கு 50 டாலர் திருப்பிக் கொடுத்தார். கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி டாலர்!

இன்னொன்று: எடிசனோடு சேர்ந்து மலிவான மின்சாரக் கார் செய்கிறோம், ஒரு வருஷத்துக்குள் உற்பத்தி தொடங்கிவிடுவோம் என்று நம்புகிறேன் என்றார். 500 முதல் 750 டாலர் வரை விலை இருக்கும், ஒரு சார்ஜில் 100 மைல் போகும் என்று பேச்சு அடிபட்டது. ஊரே வாயைப் பிளந்தது. மூன்று லட்சம் கார் விற்கிறவர் சொல்கிறார், பேட்டரி செய்வது எடிசன், வேறென்ன வேண்டும்?

வண்டி வரவேயில்லை. 1915 போனது, 1916 போனது, பிறகு அதைப் பற்றிய பேச்சும் போய்விட்டது.

ஏன் என்று பார்த்தால் நம் பேட்டரி லேபுக்கே வரவேண்டியிருக்கிறது. லெட்-ஆசிட் பேட்டரியின் கனத்தைத் தவிர்க்க எடிசன் நிக்கல்-இரும்பு பேட்டரி கண்டுபிடித்தார். ஆனால் வேலை முடிவதற்கு முன்பே பத்திரிகைகளில் அதன் பெருமை வந்துவிட்டது. 1903-ல் விற்பனைக்கு விட்டார். செல்கள் ஒழுகின, சக்தி குறைந்தது. விற்பனையை நிறுத்தி, திரும்ப வாங்கி, மறுபடி உட்கார்ந்து 1909 வாக்கில்தான் நல்ல பேட்டரி கொண்டுவந்தார். அது அடித்துப்போட்டாலும் சாகாத பேட்டரிதான். ஆனால் உள்மின்தடை அதிகம், குளிரில் துவண்டுபோகும். டெட்ராய்ட் குளிர்காலமோ ரத்தம் உறைகிற குளிர். ஃபோர்டின் ஆட்கள் சோதனை வண்டிகள் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோர்டுக்கு எடிசன் பேட்டரியைத் தவிர வேறு எதுவும் வைக்கக்கூடாது என்ற பிடிவாதம். அந்த பேட்டரியால் வண்டியை இழுக்க முடியவில்லை. நடுவில் 1912-லேயே கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கைப்பிடி சுற்றப் பயந்து மின்சாரக் கார் வாங்கியவர்களும் பெட்ரோல் பக்கம் சாயத் தொடங்கினார்கள்.

ஃபோர்டு வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். தன் சொந்தப் பணத்தையும் போட்டுத்தான் முயன்றார். ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. 50 டாலர் வாக்கு அவர் கல்லாப்பெட்டிக்குள் இருந்த வாக்கு, எண்ணிக் கொடுத்தால் தீர்ந்தது. மின்சாரக் கார் இன்னும் லேபிலிருந்து வெளியே வராத பொருளின் மேல் கொடுத்த வாக்கு. அது வராவிட்டால் அவருக்கு நஷ்டமும் இல்லை, டி மாடல் கோடை மழை மாதிரி விற்றுக்கொண்டிருந்தது. காத்திருந்து ஏமாந்தவர் வாங்க வந்தவர்தான்.

இதில் ஒரு தமாஷ். கிளாரா அம்மையார் ஓட்டியது என்ன கார் தெரியுமா? கணவர் கம்பெனிக் கார் இல்லை. டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற வேறு கம்பெனியின் மின்சாரக் கார்! ஒரு சார்ஜில் சுமார் 80 மைல் ஓடும். உலகத்துக்கே பெட்ரோல் கார் விற்றவர் வீட்டம்மாவுக்கு மின்சாரக் கார் வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

பிக்கப் டிரக்குக்கு வருகிறேன். அதை முதலில் செய்தது விவசாயிகள்தான் என்பேன். டி மாடலின் பின்பக்கத்தை அறுத்து மரப்பெட்டி மாட்டி மூட்டை ஏற்றினார்கள். இதைப் பார்த்து 1917-ல் டிடி என்ற ஒரு டன் டிரக்கும், 1925 ஏப்ரலில் தொழிற்சாலையிலேயே தொட்டி பொருத்திய பிக்கப்பும் வந்தன. விலை 281 டாலர். முதல் வருஷமே 33 ஆயிரத்துக்கு மேல் விற்றது. ஜனங்கள் ஏற்கெனவே கையால் செய்துகொண்டிருந்ததைக் கம்பெனி செய்து கொடுத்தது, அதனால் அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நம் மாணவர் யூனியன் மலரில் எழுதும்போது அவருடைய மறுபக்கத்தை விட்டுவிட்டால் தப்பு. 1920 முதல் தன் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிராக விஷம் கக்கினார், 1927-ல்தான் மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார். தொழிற்சங்கம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். 1937 மே 26-ல் ரூஜ் தொழிற்சாலை வாசல் மேம்பாலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த வால்டர் ராய்தரையும் தோழர்களையும் கம்பெனி ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். 1941-ல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சங்கத்தை ஏற்றார்.

1947 ஏப்ரல் 7-ஆம் தேதி ராத்திரி டியர்பார்ன் வீட்டில் தன் 83-வது வயதில் இறந்தார். அன்று ரூஜ் ஆற்றில் வெள்ளம். வீட்டுக்காக அவர் கட்டியிருந்த சொந்த மின்நிலையம் நின்றுபோயிருந்தது. அந்த மின்நிலையத்துக்கு 1914-ல் அடிக்கல் நாட்டியவர் எடிசன். பழைய எடிசன் கம்பெனி எஞ்சினியர் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் எரிகிற அறையில்தான் கண்மூடினார்.

மறு வருஷம் எஃப் வரிசை பிக்கப்கள் வந்தன. 1998 முதல் 2002 வரை ரேஞ்சர் என்ற பிக்கப்பை மின்சாரத்திலும் விட்டார்கள், சுமார் 1,500 வண்டி. பெரும்பாலும் லீசுக்குத்தான். காலம் முடிந்ததும் திரும்ப வாங்கிப் பலவற்றை நசுக்கிவிட்டார்கள். அந்த வண்டியை ஆசையாக ஓட்டியவர் 2021-ல் புது அறிவிப்பைக் கேட்டால் எப்படி நம்புவார்? 2021 மே மாதம் எஃப்-150 லைட்னிங் அறிவிக்கப்பட்டது, தொடக்க விலை 39,974 டாலர் என்று. 100 டாலர் முன்பணத்தோடு கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் பதிந்தார்கள். 2022-ல் வண்டி வரத் தொடங்கியது, அது உண்மை. ஆனால் 2023 மார்ச்சில் அதே அடிப்படை மாடல் 59,974 டாலர்! ஜூலையில் சுமார் 10 ஆயிரம் குறைத்தார்கள். வீட்டுக்கே மின்சாரம் தரக்கூடிய நல்ல வண்டிதான். ஆனால் கனமான டிரெய்லரை மாட்டினால் போகும் தூரம் பாதியாகிவிடுகிறது. குதிரை வண்டியோ படகோ பின்னால் கட்டி இழுக்கத்தானே அவர்கள் பிக்கப் வாங்குகிறார்கள்? 2025 டிசம்பரில், முழு மின்சார லைட்னிங்கை நிறுத்துகிறோம், அடுத்ததில் சார்ஜ் ஏற்ற ஒரு பெட்ரோல் எஞ்சினும் இருக்கும் என்று கம்பெனி அறிவித்துவிட்டது. அந்த 2025-லேயே ராம் கம்பெனியும் தான் சொல்லியிருந்த முழு மின்சாரப் பிக்கப்பைக் கைவிட்டது.

செமினாரில் இதைச் சொன்னபோது பின்பெஞ்சிலிருந்து ஒருவன் மறைமலைநகரைப் பற்றிக் கேட்டான். அங்கே 2022-ல் கார் உற்பத்தி நின்றது, 2024-ல் ஏற்றுமதிக்காக மறுபடி திறக்கிறோம் என்றார்கள், 2025-ல் எஞ்சின் தயாரிப்பு, 2029 முதல் என்றார்கள். நிஜமாகவே நடக்குமா என்பது அவன் கேள்வி. தேதியைக் குறித்துவைத்துக்கொள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

லைட்னிங் தயாரானது ஃபோர்டு தானே கட்டிய அதே ரூஜ் வளாகத்தில். அவர் பெயரில் டியர்பார்னில் உள்ள அருங்காட்சியகத்திலிருந்து அந்தத் தொழிற்சாலையைப் பார்க்க பஸ்ஸில் அழைத்துப்போகிறார்கள். கிளாரா அம்மையாரின் 1914-ஆம் வருஷத்து மின்சாரக் கார் அந்த அருங்காட்சியகத்தின் சொத்தாக இன்னும் இருக்கிறது. அதே வருஷம் அவர் கணவர் வரும் என்று சொன்ன கார் எந்தக் கடைக்கும் விற்பனைக்கு வரவில்லை.