தெய்வங்களை ஒப்புநோக்கிய அறிஞர்

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாகச் சேர்வராயன் மலைமீது ஏறிச் செல்வோர், ஏற்காட்டைக் கடந்து அம்மலைத்தொடரின் மிக உயர்ந்த முடியை அடைவாராயின், ஆங்கு ஒரு குகைக்கோயிலைக் காண்பர். கடல்மட்டத்திற்கு 5,300 அடிக்கு மேல் உயர்ந்த அவ்விடத்தே சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைவாழ் மக்கள் அங்கே திரண்டு விழா எடுப்பர். மலைக்கும் தெய்வத்திற்கும் பெயர் ஒன்றே. கடல் பல கடந்த கிரேக்க நாட்டிலும் ஒலிம்பஸ் என்றொரு மலை உண்டு. 9,500 அடிக்கு மேல் உயர்ந்து முகில் சூழ நிற்கும் அதன் உச்சியிலே, இடியேந்திய சியூஸ் என்னும் தலைமைத் தெய்வம் ஏனைத் தெய்வங்களோடு வீற்றிருப்பதாகப் பண்டைக் கிரேக்கர் நம்பினர். இருவேறு நாட்டு மக்கள் உயர்ந்த மலைமுடியே தெய்வத்தின் உறையுள் என ஒரே வகையாக எண்ணியது எங்ஙனம்? இத்தகைய ஒற்றுமைகள் தாமாகவே அமைந்தனவோ? அன்றி இரு மக்களுக்கும் பழைய உறவு ஏதேனும் உண்டோ? இவ்வினாவை உள்ளத்தே கொண்டு நம் நாட்டில் இருந்து ஆராய்ந்த பேரறிஞர் சர் வில்லியம் ஜோன்ஸ் ஆவார்.

ஜோன்ஸ் 1746ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பெயரும் வில்லியம் ஜோன்ஸ் என்பதே. அவர் வேல்ஸ் நாட்டினர், கணித வல்லுநர், நியூட்டனின் நண்பர். கணக்குப் பாடத்தில் மாணவர் நாள்தோறும் எழுதும் பை என்னும் குறியை, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்ட 1706இல் முதன்முதல் எடுத்தாண்டவர் அவரே. அக்குறி ஒரு கிரேக்க எழுத்து என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. மகனுக்கு மூன்றாண்டு நிரம்புமுன்னே தந்தை மறைந்தார். வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயின்மேல் விழுந்தது. அம்மையார் கல்வியுடையவர். சிறுவன் எதனைக் கேட்பினும் உடனே விடை கூறிவிடாது, நூலைப் படித்துத் தானே அறிந்துகொள்ளுமாறு பணிப்பார்.

ஹாரோ என்னும் ஊரிலுள்ள பள்ளியில் ஜோன்ஸ் பயின்றார். ஒன்பதாம் வயதில் தொடையெலும்பு முறிந்து, ஓராண்டுக் காலம் பள்ளி செல்ல இயலாது கிடந்தார். திரும்பி வந்தபின் அவர் கற்ற வேகம் ஆசிரியரையே வியப்பில் ஆழ்த்தியது. ஒருகால் மாணவர்கள் ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றை நடிக்க விரும்பினர், நூல் கிடைக்கவில்லை. ஜோன்ஸ் அந்நாடகத்தைத் தம் நினைவிலிருந்தே எழுதிக் கொடுத்தார். அப்பள்ளியில் இலத்தீனமும் கிரேக்கமுமே முதன்மையான பாடங்கள். ஜோன்ஸும் அவர்தம் தோழர் இருவரும் ஊரைச் சூழ்ந்திருந்த வயல்களையும் மேடுகளையும் கூறுகூறாகப் பிரித்து, அவற்றுக்குப் பண்டைக் கிரேக்க நாடுகளின் பெயர்களை இட்டு, அரசராகித் தம்முள் போர் புரிந்து விளையாடினர். கிரேக்கத் தெய்வக் கதைகள் அவருக்கு ஏட்டுப் படிப்பாக மட்டும் இருந்தில. விளையாட்டுக் களத்தின் தோழமையாகவும் இருந்தன.

பின்னர் 1764இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே அரபும் பாரசீகமும் கற்றார். அரபு மொழியைப் பேசிப் பழகும்பொருட்டு, அலெப்போ நகரத்தவர் ஒருவரைத் தம் செலவில் உடன் வைத்துக்கொண்டார். செல்வர் மகனொருவனுக்கு ஆசிரியராக இருந்து பொருளீட்டினார். 1771இல் அவர் வெளியிட்ட பாரசீக இலக்கணம் அவர் புகழை ஐரோப்பா முழுதும் பரப்பிற்று. ஆயினும் புலமை வயிற்றுக்குச் சோறிடவில்லை. ஆதலின் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வாழ்நாள் இறுதிக்குள் அவர் நன்றாகவோ ஓரளவோ பயின்ற மொழிகள் 28 என அவரே குறித்து வைத்துள்ளார். அவற்றுள் தந்தையின் தாய்மொழியாகிய வேல்ஸ் மொழி, மிகக் குறைவாக அறிந்தவற்றின் வரிசையில் நிற்கிறது!

1783இல் கல்கத்தாவின் தலைமை நீதிமன்றத்து நீதிபதிகளுள் ஒருவராக அமர்த்தப்பெற்றார். அவ்வாண்டிலேயே திருமணம் முடித்து, மனைவியாருடன் முதலை என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய போர்க்கப்பலில் ஏறிச் செப்டம்பர்த் திங்களில் கல்கத்தாவை அடைந்தார். நான்கு திங்கள் கழியுமுன்னே, 1784 சனவரி 15ஆம் நாள், அறிஞர் முப்பதின்மரைக் கூட்டி ஆசியக் கழகத்தை நிறுவினார். ஆசியாவின் வரலாறு, கலை, இலக்கியம் ஆகியவற்றை ஆராய்வதே அதன் நோக்கம். எனினும் 1829 வரை அக்கழகத்தில் இந்தியர் எவரும் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிலர். இந்நாட்டு அறிவை ஆராயும் அவையில் இந்நாட்டார்க்கு இருக்கையின்மை வருந்தத்தக்கதே.

கல்கத்தாவில் வாழத் தொடங்கிய ஜோன்ஸ், கோயில்களையும் விழாக்களையும் கண்டார். பண்டிதர்களை அழைத்துத் தெய்வக் கதைகளைக் கேட்டார். கேட்குந்தோறும் ஹாரோவில் பயின்ற கிரேக்கக் கதைகள் அவர் நினைவில் எழுந்தன. அதன் பயனாக 1784இல் கிரேக்க நாட்டுத் தெய்வங்கள், இத்தாலி நாட்டுத் தெய்வங்கள், இந்தியத் தெய்வங்கள் ஆகிய மூவகையினரையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைந்தார். அது பின்னர்த் திருத்தம் பெற்று 1788இல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று.

அக்கட்டுரையில் அவர் காட்டிய ஒப்புமைகள் சுவை மிக்கவை. சியூஸ் இடியை ஏந்தியவன். இந்திரன் வச்சிரம் ஏந்தியவன். ஒருவனுக்கு ஒலிம்பஸ், மற்றவனுக்கு மேரு. இந்திரனுக்குரிய திவஸ்பதி என்னும் பெயர், சியூசை உரோமர் அழைத்த பெயர்களுள் ஒன்றாகிய தியெஸ்பித்தர் என்பதனோடு ஒலியால் நெருங்கி நிற்பதையும் அவர் கண்டார். கிரேக்க நாட்டின் ஆர்கோஸ் நகரில் சியூசுக்கு நெற்றிக்கண்ணோடு கூடிய படிமம் ஒன்று இருந்தது எனப் பழைய நூல்கள் கூறும். அதனைப் படித்திருந்த ஜோன்ஸ் முக்கண்ணனாகிய சிவபெருமானை நினைத்தார். சியூசின் தேவியாகிய ஹீராவுக்குரிய பறவை மயில். அவளுடைய காவலனாகிய ஆர்கஸ் என்பான் உடல் முழுதும் கண்ணுடையவன். அவன் கொல்லப்பட்டபோது அக்கண்களை எடுத்து ஹீரா தன் மயிலின் தோகையில் பதித்தாள் என்பது கிரேக்கர் கதை. மலைமகளின் திருமகனாகிய ஆறுமுகன் மயில்மேல் வருதலை ஜோன்ஸ் இதனோடு ஒப்பிட்டார். அப்பல்லோ ஆநிரை மேய்த்தான், பைத்தான் என்னும் பாம்பைக் கொன்றான், கலைமகளிர் ஒன்பதின்மர் சூழ இருந்தான். கண்ணன் ஆநிரை மேய்த்தான், காளியன்மேல் நடமாடினான், ஆய்ச்சியர் சூழ இருந்தான். தெய்வத் தூதனாகிய ஹெர்மிஸ் ஆமையோட்டில் நரம்பு கட்டி யாழ் செய்தான் என்பர். நாரதர் கையிலும் வீணை உண்டு. அவ்வீணைக்கு ஆமை என்னும் பொருள்படும் கச்சபி என்றொரு பெயர் இருத்தலையும் ஜோன்ஸ் விடாது சுட்டினார்.

இவ்வாறு ஒப்புமைகளை அடுக்கியவர், எந்நாட்டார் எவரிடம் கற்றனர் என்று துணிந்து முடிவு கூறவில்லை. வரலாறு திரிந்து கதையாதல், ஞாயிறு திங்கள் முதலியவற்றை வழிபடுதல், புலவர்தம் கற்பனை, அறவோர் உருவகத்தால் உணர்த்தும் உண்மை என்னும் நான்குமே தெய்வக் கதைகளின் ஊற்றுக்கள் என அவர் வகுத்தார். இவை எந்நாட்டிலும் உள்ளனவே. எனவே சில ஒப்புமைகள் தனித்தனியே தோன்றியிருத்தலும் கூடும். மற்றொரு குறையும் அக்கட்டுரைக்கு உண்டு. அதனை முதலில் எழுதிய காலத்தில் ஜோன்ஸுக்கு வடமொழி தெரியாது. பாரசீக மொழிபெயர்ப்புக்களையும் பிறர் வாய்ச்சொல்லையும் நம்பியே எழுதினார்.

நீதிமன்றத்திலும் இதே இடர் அவரை எதிர்ப்பட்டது. தரும நூல்களின் பொருளைப் பண்டிதர் கூறியவாறே ஏற்க வேண்டியிருந்தது. சரியா தவறா என ஆய வழியில்லை. ஆகவே 1785இல், தம் 39ஆம் வயதில், வடமொழி கற்கத் துணிந்து கிருஷ்ணநகர் சென்றார். அந்தணர் எவரும் வேற்றுநாட்டவர்க்குக் கற்பிக்க இசையவில்லை. முடிவில் ராம்லோசன் என்னும் மருத்துவக் குலத்துப் புலவர் ஆசிரியராக வாய்த்தார். நீதிபதி மாணவராயினார்.

கற்கத் தொடங்கி ஓராண்டும் நிறைவதற்குள், 1786 பிப்ரவரி 2ஆம் நாள் கழகத்தின் ஆண்டுவிழாவில் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். வடமொழி, கிரேக்கம், இலத்தீனம் ஆகிய மூன்றும் வினையடிகளிலும் இலக்கண அமைப்பிலும் கொண்டுள்ள ஒற்றுமை தற்செயலாய் அமைந்திருக்க இயலாது. அவை பொதுவானதொரு மூலமொழியிலிருந்து பிறந்திருத்தல் வேண்டும். அம்மூலமொழி இன்று இல்லாதும் போயிருக்கலாம் என்பது அவ்வுரையின் சாரம். தெய்வ உருவங்களின் ஒப்புமையால் நிறுவ இயலாத உறவைச் சொற்களின் ஒப்புமை நிறுவிற்று. பிற்காலத்து அறிஞர் இவ்வழியே சென்று, வேதத்தில் வானத்தைக் குறிக்கும் த்யௌஸ் என்னும் பெயரும், சியூஸ் என்னும் பெயரும், உரோமரின் ஜூப்பிட்டர் என்னும் பெயரின் முற்பகுதியும் ஒரே வேரில் கிளைத்தவை எனக் காட்டினர். தமிழ் இக்குடும்பத்தில் அடங்குவதன்று. ஜோன்ஸ் தமிழ் கற்றவரல்லர். தென்னாட்டு மொழிகள் தனியினம் என்பதை 1816இல் விளக்கியவர் சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் துரை. திருக்குறளின் ஒரு பகுதிக்கு உரை வகுத்தவரும் அவரே.

ஜோன்ஸ் ஆராய்ச்சியாளராக மட்டும் நின்றாரல்லர். கிரேக்கப் பெரும்புலவர் பிண்டாரின் பாவகையைத் தழுவி, காமன், இந்திரன், சூரியன், திருமகள், கலைமகள், கங்கை முதலிய தெய்வங்கள்மீது ஒன்பது துதிப்பாடல்களை ஆங்கிலத்தில் இயற்றினார். காளிதாசரின் சாகுந்தலத்தை மொழிபெயர்த்து 1789இல் வெளியிட்டார்.

ஒப்புமையில் அவர்க்கிருந்த வேட்கை ஒருமுறை அவரை இடறச் செய்தது. நோவா என்பாரின் வழியே மக்களினம் பரவியது என்னும் விவிலியக் கொள்கையில் அவர் உறுதியுடையவர். வில்போர்டு என்னும் படைத்துறை அலுவலர், நோவாவையும் அவர் மக்கள் மூவரையும் ஒத்த கதை புராணத்தில் உள்ளது என ஒரு பகுதியைக் காட்டினார். 1792இல் வெளிவந்த வில்போர்டின் கட்டுரைக்கு ஜோன்ஸ் தாமே ஒரு குறிப்பெழுதி அதற்கு மதிப்பளித்தார். வில்போர்டு விரும்பியதை அறிந்த பண்டிதர் ஒருவர் சுவடிகளைத் திருத்தியும் புதிதாகப் புனைந்தும் கொடுத்த செய்தி பின்னரே வெளிப்பட்டது. 1805இல் வில்போர்டே தாம் ஏமாற்றப்பட்டதை எழுதி வெளியிட்டார். அதனை அறிய ஜோன்ஸ் உயிரோடு இல்லை.

கிரேக்கப் புலமை அவர்க்குப் பெரும்பயன் அளித்ததும் உண்டு. சாண்ட்ரகோட்டஸ் என்னும் இந்திய வேந்தனைக் கிரேக்க நூல்கள் கூறும். அவன் சந்திரகுப்த மௌரியனே எனவும், அவன் தலைநகராகக் கூறப்படும் பாலிபோத்ரா பாடலிபுத்திரமே எனவும் 1793இல் ஜோன்ஸ் அறிவித்தார். காலவரையறையின்றிக் கிடந்த பழைய இந்திய வரலாற்றில் நட்ட முதல் எல்லைக்கல் அது.

அவ்வாண்டு இறுதியில் அவர் மனைவியார் உடல்நலங் குன்றித் தாயகம் சென்றார். பண்டிதர்களைக் கொண்டு தொகுத்துவந்த தரும நூல் முடியாமையால் ஜோன்ஸ் கல்கத்தாவிலேயே தங்கினார். அது நிறைவுறுமுன் ஈரல் நோய் அவரைப் பற்றியது. 1794 ஏப்ரல் 27ஆம் நாள், 47ஆம் வயதில் அவர் காலமானார். கல்கத்தாப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் உயர்ந்த தூண் ஒன்று அவர் அடக்கமான இடத்தைக் காட்டி நிற்கிறது. தாவர நூல் வல்ல ராக்ஸ்பர்க், காமனின் மலர்க்கணைகளுள் ஒன்றைத் தரும் அசோக மரத்துக்கு ஜோன்ஸின் பெயரை இட்டார். அப்பெயர் பின்னாளில் மாறிவிட்டது. ஜோன்ஸ் மறைந்த சில நாட்களுக்குப் பின் ஆளுநரின் அவையில் கூடிய பண்டிதர்கள், தம்மிடம் பாடங் கேட்ட அந்த நீதிபதியை நினைந்து கண்ணீரை அடக்கமாட்டாது நின்றனர்.