பராந்தக சோழனும் உத்தரமேரூர்க் குடவோலையும்

முதற் பராந்தக சோழனை மதுரை கொண்ட மன்னனென்றும், தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவனென்றும் நம் அன்பர்கள் கேட்டிருப்பர். ஆதித்த சோழன் மைந்தனாகிய இவன் கி.பி. 907இல் அரியணை ஏறினான். இவனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன் தன் மணிமுடியை ஈழத்தில் விட்டுச் சேரநாடு சென்றனன். இப்போர்ச் செய்திகளைப் பலரும் எழுதியுள்ளாராதலின், நம் காஞ்சிக்கு அணித்தே நிகழ்ந்ததொன்றையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றோம்.

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூர் அக்காலத்தில் அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலம். அரசன் ஆணையுடன் வந்த அதிகாரி உடனிருக்க, ஊர்ச்சபையார் 919இல் வாரியத் தேர்தலுக்கு விதி வகுத்தனர். 921இல் அதனைத் திருத்தினர். இரண்டாண்டுகளிலேயே திருத்தம் வேண்டியிருந்தமையால், முதல் விதியின் சந்துகளிற் சிலர் புகுந்துவிட்டனர் போலும் என்று ஊகிக்க இடமுண்டு.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயரெழுதிய ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்திலிடுவர். சபையார் அனைவரும் காண, விவரமறியாச் சிறுவனொருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதனை வாங்கி உரக்கப் படிப்பான், நம்பிமாரும் படிப்பர். விரல் மடங்கினால் ஓலை மாறக்கூடுமன்றோ! இவ்வாறு ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் 360 நாளளவில் அமர்வர்.

முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் புகாது. அவன் தந்தை, மகன், மருமகன், மைத்துனன், மாமன் முதலியோர்க்கும் அதுவே விதி. மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவனும் விலக்குண்டான். கணக்கேட்டை ஒரே வீட்டிற் பூட்டிவைக்கும் சங்கங்களும் உள்ள இந்நாளில், இவ்விதியை நம்மவர் இருமுறை படித்தல் நலம்.

நிற்க. இதனை முழுக் குடியாட்சியென்று கொண்டாட நம் மனம் இசையவில்லை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியுமுடைய ஆடவர்க்கே ஓலையுண்டு. தறியிலமர்ந்து உழைத்தவர்க்கும், பிறர் நிலத்தை உழுதவர்க்கும், பெண்டிர்க்கும் இல்லை. பண்டை ஏதென்ஸ் நகரத்தாரும் சீட்டெடுத்துப் பதவியளித்து, பதவி நீங்குவோரிடம் கணக்குக் கேட்டனர். ஆங்கும் மகளிரும் அடிமைகளும் புறத்தேயே நின்றனர். 1951–52 பொதுத்தேர்தலிலேதான் காஞ்சித் தறிக்காரனும் பட்டு முதலாளியும் ஒரே மதிப்புள்ள வாக்குடையராயினர். ஆயினும் உறவினரை விலக்கும் அப்பழைய விதி இத்தேர்தற் சட்டத்தில் இல்லை. தந்தைக்குப் பின் மைந்தன் நிற்பதைத் தடுக்க வல்லது வாக்காளர் மனமொன்றே.

பராந்தகனுடைய முதுமை இனிதாயிருக்கவில்லை. 949இல் தக்கோலப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனிடம் சோழர் படை தோற்றது. மூத்த மைந்தன் இராசாதித்தன் யானைமேலிருந்தே மாண்டான். தொண்டை நாடு பகைவர் வசமாயிற்று. கி.பி. 955 அளவில் பராந்தகன் காலமாயினான்.