சிறுவர் கையில் பொறுப்பை வைத்தவர்

புலவர் பெருமக்களும் பட்டம் பெற்ற அறிஞர்களும் கட்டுரை வழங்கும் இவ்வாண்டு விழா மலரில், இரயில்வே அலுவலகத்து எழுத்தராகிய எமக்கும் சில பக்கங்களை ஒதுக்கித் தந்த சங்கச் செயற்குழுவினர்க்கு முதற்கண் எம் நன்றி உரியது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எமக்கு இலக்கியம் பேசும் தகுதி இல்லை. ஆயினும், லக்னோ இரயில்வே குடியிருப்பில் சாரணச் சிறுவர்களோடு பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து வருபவர் யாம். எனவே அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் என்பாரின் வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லி, பிள்ளைகளை வளர்க்கும் பெரியோராகிய நாம் அதனின்றும் கொள்ளத்தக்கது யாது என்று சிந்திக்க விழைகின்றோம்.

பேடன் பவல் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவரது முழுப்பெயர் இராபர்ட் ஸ்டீபன்சன் ஸ்மைத் பேடன் பவல் என்பதாகும். இரயில் பாதைகளும் பாலங்களும் அமைத்துப் புகழ்பெற்ற பொறியியலறிஞர் இராபர்ட் ஸ்டீபன்சன் அவருக்கு ஞானத்தந்தையாவார். அவர் பெயரே குழந்தைக்குச் சூட்டப்பெற்றது. இரயில்வேயில் ஊதியம் பெறும் எம் போன்றோர்க்கு இச்செய்தி தனியொரு மகிழ்ச்சி தருவதில் வியப்பில்லை.

தந்தையார் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் வடிவகணிதப் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் மறைந்தார். பெருங்குடும்பத்தைத் தாயார் ஹென்ரியட்டா அம்மையாரே தனித்துநின்று காத்தார். மூத்த தமையனார் தம்பியரைப் படகிலேற்றிக் கடலுக்கு அழைத்துச் செல்வார். ஆளுக்கொரு வேலை உண்டு. அவ்வகையில் பிறர் தம்மை நம்பி ஒரு பணியை ஒப்படைக்கும்போது உண்டாகும் பெருமிதத்தை இளமையிலேயே அவர் உணர்ந்தார்.

சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் பயின்ற காலத்தில், வகுப்பறையினும் அதனை அடுத்திருந்த தோப்பே அவருக்கு நல்லாசிரியனாயிற்று. ஆசிரியர் கண்ணிற் படாமல் அத்தோப்பினுள் நுழைந்து, புகை எழாதவாறு தீமூட்டிச் சமைத்தும், மரமேறி மறைந்தும், விலங்குகளின் அடிச்சுவடு தேர்ந்தும் பொழுது கழித்தார். ஆக்ஸ்போர்டில் இடம் பெற அவர் செய்த முயற்சி கைகூடவில்லை. ஆனால் படைத்துறைத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றுத் தேறினார். 1876-ஆம் ஆண்டு தம் பத்தொன்பதாம் வயதில் பதின்மூன்றாம் ஹுஸ்ஸார் குதிரைப்படையிற் சேர்வதற்காகக் கப்பலேறி அவர் வந்தடைந்த ஊர் யாது? நாம் வாழும் இந்த லக்னோவே! பிற்காலத்தில் உலகச் சிறுவரெல்லாம் தலைவராகக் கொண்ட ஒருவரது உத்தியோக வாழ்வு நம் நகரிலேதான் தொடங்கிற்று என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தியாகும்.

அவர் ஆங்கில ஏகாதிபத்தியத்தின் படைவீரர். இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானத்திலும் ஆப்பிரிக்காவிலும் அவ்வரசுக்காகவே பணியாற்றினார். இதனை மறைத்துப் புகழ்பாட யாம் விரும்பவில்லை. எனினும், வீரர்களைப் பயிற்றுவதில் அவர் கொண்ட முறை புதுமையானது. 1897-ஆம் ஆண்டு ஒரு குதிரைப்படைப் பிரிவின் தலைவராக மீரட்டுக்கு வந்தபோது, வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வேவுத்தொழில் கற்பித்தார். வழி கண்டறிதல், சுவடு பார்த்தல், கண்டதைப் பிழையின்றி வந்துரைத்தல் ஆகியவற்றை அவரவர் பொறுப்பிலேயே செய்யவிட்டார். தேறியவர்க்குத் திசைகாட்டியின் வடமுனையைக் குறிக்கும் அம்புத்தலைச் சின்னம் அளித்தார். இன்று சாரணர் அணியும் மூவிதழ்ச் சின்னத்தின் மூலம் அதுவேயாகும். அப்பயிற்சியைப் பற்றி அவர் படைவீரர்க்கென எழுதிய நூல் 1899-ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவ்வாண்டே தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாஃபெகிங் என்னும் சிற்றூரைக் காக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாட்கள் அவ்வூர் முற்றுகைக்குள்ளாயிற்று. வளர்ந்தோர் அனைவரும் காவலுக்குத் தேவைப்பட்டமையின், ஊர்ச் சிறுவர்களைத் திரட்டி அவருடைய உதவித்தளபதி ஒரு சிறுவர் படை அமைத்தார். செய்தி சுமத்தல், கடிதம் கொண்டு சேர்த்தல், காவற்கண் வைத்தல் ஆகியவை அவர்தம் பணி. பதின்மூன்று வயதுடைய குட்இயர் என்னும் சிறுவன் அப்படைக்குத் தலைவனாயிருந்தான். அவன் மிதிவண்டியில் அமர்ந்த உருவம் முற்றுகைக்காலத்து அஞ்சல் தலையிலும் பொறிக்கப்பெற்றது. நம்பிப் பொறுப்பளித்தால் சிறுவர் பெரியோர்க்கு இளைத்தவரல்லர் என்பதைப் பேடன் பவல் அங்கே கண்ணாரக் கண்டார்.

அம்முற்றுகையின் மறுபக்கத்தையும் கூறுதல் கடமை. வெள்ளையர்க்கும் கறுப்பின மக்கட்கும் உணவு ஒரே அளவாகப் பங்கிடப்படவில்லை. ஆப்பிரிக்க மக்கள் பசியால் பட்ட துயரம் பெரிது. இங்கிலாந்தோ அவரை வீரரெனக் கொண்டாடிற்று. நாற்பத்துமூன்றாம் வயதிலேயே அவர் மேஜர் ஜெனரல் ஆனார்.

தாய்நாடு திரும்பியபோது ஒரு வியப்பு அவருக்காகக் காத்திருந்தது. படைவீரர்க்கென எழுதிய தம் நூலைச் சிறுவர்களும் ஆசிரியர்களும் விரும்பிப் படிப்பதை அவர் அறிந்தார். சிறுவர்க்கென ஒரு முறை வகுக்குமாறு நண்பர்கள் தூண்டினர். எழுதுமுன் செய்து பார்க்க விழைந்து, 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சித் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களோடு பாசறை அமைத்தார். செல்வர் பள்ளிகளிற் படித்தவரும், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் உறங்கினர். வகுப்பு வேற்றுமை மிகுந்த அக்கால ஆங்கில நாட்டில் இஃது எளிய செயலன்று.

சிறுவர் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பெற்றனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். இரவுதோறும் ஓரணியினர் மாவும் இறைச்சியும் கிழங்கும் பெற்றுக்கொண்டு தனியிடம் சென்று, தாமே சமைத்துண்டு, தாமே காவல் நின்று தங்கினர். பெரியோர் உடன் செல்லவில்லை. அத்தீவில் கண்ட அணிமுறையே சாரண இயக்கத்தின் உயிர்நாடி என்பது எம் துணிபு. சீருடையும் கொடியும் அணிவகுப்பும் பிற அமைப்புகளிலும் உண்டு. ஆறு முதல் எட்டுச் சிறுவரை ஒருவன் பொறுப்பில் விட்டு, அவன் சொல்லுக்கு மதிப்பளித்து, ஆசிரியர் அருகே மூத்த தமையன்போல் நிற்பதே அவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு.

1908-ஆம் ஆண்டு சிறுவர்க்கான சாரண நூலை ஆறு பகுதிகளாக, பதினைந்து நாட்களுக்கொன்றாக அவர் வெளியிட்டார். பின் நிகழ்ந்தது அவரே எதிர்பாராதது. சிறுவர்கள் அந்நூலை வாங்கித் தாமே அணிகளை அமைத்துக்கொண்டனர். அதன்பின் தமக்கொரு சாரண ஆசிரியர் வேண்டுமென்று பெரியோரைத் தேடிச் சென்றனர்! பெரியோர் திரட்டச் சிறுவர் வந்த இயக்கமன்று இது. சிறுவர் அழைக்கப் பெரியோர் வந்தது. 1909-ஆம் ஆண்டு இலண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்த பேரணியில் ஏறத்தாழ 11,000 சாரணர் திரண்டனர். அழையாமலே சிறுமியர் சிலரும் சாரண உடையில் வந்து நின்று தமக்கும் இடம் கேட்டனர். அதன் பயனாக 1910-ஆம் ஆண்டு தோன்றிய சாரணியர் அமைப்பை அவர் தங்கை ஆக்னஸ் அம்மையார் முன்னின்று நடத்தினார். அவ்வாண்டே பேடன் பவல் படைப்பணியினின்று ஓய்வு பெற்றார். 1912-இல் அவர் மணந்த ஒலேவ் அம்மையார் பின்னாளில் உலகச் சாரணியர் தலைவியாய் விளங்கினார்.

இளஞ்சிறுவர்க்கான குருளையர் பிரிவு 1916-இல் எழுந்தது. பம்பாயிற் பிறந்த கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைகளே அதற்கு அடிப்படை. 1919-ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த கில்வெல் பூங்காவில் சாரண ஆசிரியர்க்கான பயிற்சி தொடங்கிற்று. பிள்ளைகளைப் பயிற்றுமுன் பெரியோர் பயிற்சி பெறவேண்டும் என்றும், அப்பெரியோரும் அணிகளாகப் பிரிந்து, தாமே விறகு சேர்த்துச் சமைத்துக் கற்கவேண்டும் என்றும் அவர் கருதினார். 1920-இல் இலண்டனில் கூடிய முதல் உலக ஜம்போரியில் அவர் உலகத் தலைமைச் சாரணராக அறிவிக்கப்பெற்றார்.

நம் நாட்டில் 1909-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் சாரணர் படை தோன்றியும், தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்க்கு அதன் கதவு அடைபட்டிருந்தது. கதவு திறக்குமென்று நம்மவர் காத்திருக்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவர்தம் இயக்கத்தோடு இணைந்தது. ஆனால் 1937-ஆம் ஆண்டு டெல்லி ஜம்போரிக்கு அவர் வந்து சென்றபின், இந்தியரின் பண்பு குறித்து அவர் கூறியதாக வெளிவந்த கருத்துகள் பெரும் மனக்கசப்பை விளைத்தன. மறு ஆண்டே ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியே எழுந்தது. விடுதலைக்குப்பின், 1950 நவம்பர் 7-ஆம் நாள் பிரிந்துகிடந்தவை கூடிப் பாரதச் சாரணர் சாரணியர் இயக்கமாயின. சிறுவரை நம்பக் கற்பித்த ஒருவர் ஒரு நாட்டு மக்களை அவ்வாறு நம்பத் தயங்கியது வரலாற்றின் விந்தை. அவர் முறையை ஏற்று, அவர் தயக்கத்தைப் பொய்யாக்கிக் காட்டியது நம்மவர் பெருமை.

முதுமையில் அவர் கென்யா நாட்டில் நியேரி என்னும் ஊரில் சிறு குடிலமைத்துத் தங்கி, 1941 சனவரி 8-ஆம் நாள் எண்பத்துமூன்றாம் வயதில் மறைந்தார். அவர் கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் காணலாம். சாரணர் வழிக்குறிகளில் அதற்கு வீடு திரும்பிவிட்டேன் என்று பொருள்.

இனி, இவ்வாழ்க்கை நமக்குக் கூறுவது யாது? சாரணப் படை நடத்துவோர்க்கு மழையும் வெயிலும் இடையூறல்ல. பெரியோரின் ஆர்வமே பேரிடையூறு என்பதை யாம் அனுபவத்திற் கண்டிருக்கின்றோம். பாசறையிற் பிள்ளைகள் சோறு வடிப்பர். அது சற்றே குழைந்தால் போதும்; அன்னையர் தூக்குச் சட்டிகளோடு வந்து நிற்பர். பையன் முயன்றிட்ட முடிச்சைத் தந்தையார் அவிழ்த்துத் தாமே இறுக்குவார். அன்பினாற் செய்யும் செயலே. ஆயின் குழைந்த சோற்றை உண்டவன் அடுத்த முறை தண்ணீரை அளந்து வைப்பான். தூக்குச் சட்டிச் சோற்றை உண்டவன் அடுத்த முறையும் அம்மாவின் வரவையே எதிர்பார்ப்பான்.

மற்றொன்றும் கூறவேண்டும். இரயில்வேயில் ஆளெடுக்கும்போது சாரணர்க்கென ஒதுக்கீடு உண்டு. அது நன்மையே, ஏழை வீட்டுப் பிள்ளைகட்கு அதனால் வாழ்வு மலர்வதை யாம் மறுப்போமல்லோம். ஆனால் சான்றிதழுக்காகவே பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அவன் எத்தனை பாசறை கண்டான் என்று வினவுகின்றனரேயன்றி, அங்கே யாருக்குப் பொறுப்பாயிருந்தான் என்று வினவுவதில்லை. அணித்தலைவனாய் நின்று, அழுத சிறுவனைத் தேற்றி, எஞ்சிய அரிசிக்குக் கணக்குக் காட்டியவனே மெய்யாகத் தேறியவன். அதனை எந்தத் தாளும் முழுதாக எழுதிவிட முடியாது.

ஒருவனது திறமறிந்தபின் செயலை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பதைத் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை என்றோ வகுத்துவிட்டார். திறமறிதல் நமக்கு எளிது, விட்டுவிடுதலே அரிது. நம் சங்கத்துக்கும் இது பொருந்தும். இளைஞர் கூட்டங்கட்கு வருவதில்லை, தமிழ் பேசத் தயங்குகின்றனர் என்று ஆண்டுதோறும் வருந்துகின்றோம். அவர்க்கு நாம் அளித்த பணியோ நாற்காலி அடுக்குவதும் சந்தனக் கிண்ணம் ஏந்துவதுமேயாகும். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மாலை நிகழ்ச்சியையேனும், அதற்குரிய தொகையோடும் கணக்கேட்டோடும், நம் பிள்ளைகளிடம் முழுதாக ஒப்படைத்தால் என்ன? நாடகம் இடையில் நின்றுபோகலாம். வரவேற்புரையில் வல்லின மெல்லினம் இடம் மாறலாம். நாம் முன்வரிசையில் அமர்ந்து, எழுந்து ஓடாமல், பொறுமையாகக் கேட்போம். தமதெனக் கொண்ட பணிக்கு வேண்டிய தமிழை அவர்கள் தாமே தேடிக் கற்பர் என்பது எம் நம்பிக்கை. செயற்குழுவினர் இதனை ஆய்ந்து ஆவன செய்வாராக.

வளர்க இளையோர்! வாழ்க நம் சங்கம்!